முகூர்த்த ஹெல்மெட்

கமலக்கண்ணன் ரேஸுக்குச் சம்மதித்துவிட்டார் என்று அவர் மகன் சரவணன் ஓடி வந்து சொன்னபோது, தாவீது தன் மெக்கானிக் ஷெட்டில் கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருந்தான். கார்புரேட்டரைப் பெட்ரோல் டப்பாவுக்குள்ளேயே போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் சரவணனைக் கட்டிப் பிடித்தான். சரவணனின் வெள்ளைச் சட்டை அன்றோடு ஷெட்டின் கரித்துணி ஆனது. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை.

"ஆனா ஒரு கண்டிசன்ண்ணா" என்றான் சரவணன்.

"இன்னா, பொண்ணு கிண்ணு பாத்து வெச்சிக்கினு கீறாரா?"

"அதெல்லாம் இல்ல. ஹெல்மெட்ட அவருதான் பாத்து எடுப்பாராம். அவர் மனசுக்குப் புடிச்ச ஹெல்மெட் கெடைக்கலன்னா ரேஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லிட்டாரு."

"அவ்ளோதானா?" என்று தாவீது சிரித்தான்.

அப்படிச் சிரித்ததற்காக அவன் பிறகு தன்னைத் திட்டிக்கொண்ட திட்டுகளை வரிசையாக அடுக்கினால் ஆரணியிலிருந்து செய்யாறு வரை போகும்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். ஆரணியில் அப்போது ஹெல்மெட் மாட்டிய தலைகள் மொத்தம் மூன்று. இரண்டு, போலீஸ்காரர்களுடையவை, அவையும் மேலதிகாரி வரும் நாளில் மட்டும். மூன்றாவது தாவீதினுடையது. செய்யாறு ரோட்டு வளைவில் ஒருமுறை அவன் விழுந்தபோது ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது, மண்டை பிளக்கவில்லை. அன்றிலிருந்து வேறொன்று வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் போனாலும் கறிக்கடைக்குப் போனாலும் மாட்டிக்கொண்டுதான் போவான். அவன் மனைவி ஜெசி, "ஜெபம் பண்றப்பவாச்சும் அத்த கழட்டு, ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரிய வேணாமா?" என்பாள்.

சரவணனின் நூறு சிசி வண்டியை ஆறு மாதமாக ரேஸுக்குத் தயார் செய்திருந்தான் தாவீது. அதன் சைலன்சர் போடும் சத்தத்தில் பக்கத்துத் தெருவில் பால் திரிந்தது என்று புகார் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பந்தயம். பேர் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் வண்டியையும் ஹெல்மெட்டையும் அங்கே அதிகாரியிடம் காட்டி, பாஸானதற்கு ஸ்டிக்கர் வாங்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லை என்றால் ஆறு மாத உழைப்பையும் திரும்ப வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஊருக்குள் மாட்டும் ஹெல்மெட்டெல்லாம் அந்த அதிகாரியிடம் செல்லாது. இன்னின்ன முத்திரை இருக்க வேண்டும், தாடைக்குக் கீழே வாரைப் பூட்ட இரட்டை வளையம் இருக்க வேண்டும் என்று ஏகப்பட்ட சட்டம்.

கமலக்கண்ணன் ஹெல்மெட் எடுக்க வருகிறார் என்றதும் தாவீது சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அவர் முப்பது வருஷமாகப் பட்டுப்புடவை விற்கிறவர். ஒரே ஒரு முகூர்த்தப் புடவை எடுக்க வேன் பிடித்து இருபது பேர் வந்து, முந்நூறு புடவையைப் பிரித்துப் போட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "கலர் சரியில்ல" என்று எழுந்து போகிறவர்களை அவர் திட்டுவதைக் கேட்கவே சிலர் அந்தப் பக்கம் போவார்கள். தெருமுனையில் வேன் திரும்பினால் தலைகளை எண்ணுவார். பத்துக்கு மேல் போனால் ஷட்டரைப் பாதி இறக்கி, தானும் கல்லாவுக்குக் கீழே பாதி இறங்கிவிடுவார். இப்படிப்பட்ட மனுஷன் கடைக்காரனின் கஷ்டம் தெரிந்தவராயிற்றே, பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார் என்று தாவீது கணக்குப் போட்டான்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பட்டு அசலா என்று யாராவது முகத்தைச் சுளித்தால் போதும். புடவை ஓரத்திலிருந்து இழை ஒன்றை உருவி, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டுவார். முடி கருகும் வாசனை வந்து, விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிர்ந்தால் பட்டு. உருகி முத்துப்போல் உருண்டு நின்றால் நைலான். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வெளியே கிளம்புவாரே தவிர, தீப்பெட்டி இல்லாமல் கிளம்பியதில்லை. இந்த இரண்டாவது வழக்கத்தைத் தாவீது கணக்கில் சேர்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் வேன் நின்றது. உள்ளே பதினைந்து பேர். முன் சீட்டில் கமலக்கண்ணனின் அக்கா கிருஷ்ணம்மாள், மடியில் ஒரு பக்கெட் புளியோதரையோடு.

"இன்னாண்ணா, யாருக்குக் கல்யாணம்?" என்றான் தாவீது.

"நல்ல பொருள் எடுக்கப் போறப்ப நாலு பேரு பாக்க வேணாமா?" என்றார் கமலக்கண்ணன். "நீ ஏறு. ஒன்றர மணிக்கு ராகுகாலம். அதுக்குள்ள முடிச்சிடலாம்."

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கந்தசாமியின் ஹெல்மெட் கடை சின்னது. ஒரே சமயத்தில் ஆறு பேர் மூச்சு விட்டால் ஏழாவது ஆளுக்குக் காற்று இருக்காது. அங்கே பதினாறு பேர் நுழைந்தார்கள். கந்தசாமிக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க வாங்க. எத்தினி ஹெல்மெட் சார்?"

"ஒண்ணு" என்றார் கமலக்கண்ணன்.

பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது.

தாவீது முந்திக்கொண்டான். "கந்தசாமி, ரேஸுக்கு. முழு மூஞ்சி மூட்றது. ரெட்ட வளையம். தலை சுத்தளவு அம்பத்தேழு சென்டிமீட்டர், நானே டேப்பு வெச்சி அளந்துட்டேன். மூணு எடுத்துப் போடு, ஒண்ணு எடுத்துக்கறோம்."

மூன்று வந்தன. மூன்றும் கருப்பு.

"கருப்பா!" என்று கிருஷ்ணம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "மொத மொதல்ல புள்ள தலைமேல ஏத்தற பொருளு. ஏம்பா, அரக்கு இல்லியா? அரக்கு பாடில பச்ச பார்டரு."

"அம்மா, இது ஹெல்மெட்டு" என்றான் கந்தசாமி.

"தெரியுது. பொடவன்னா நான் ஏன் ஒங்கிட்ட வர்றன்? பார்டர் பெருசா வர்ற மாதிரி எடு."

அதற்குப் பிறகு நடந்தது கடைகளின் சரித்திரத்தில் எழுதப்பட வேண்டியது. அலமாரியில் இருந்தவை இறங்கின. பரணில் இருந்தவை இறங்கின. கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்ததும் இறங்கியது. நூற்று நாற்பது ஹெல்மெட் தரையில் உருண்டது. டியூப்லைட்டில் கலர் தெரியாது, வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய் நின்றார்கள். ஏதோ ஊர்வலம் புறப்படுகிறது என்று நினைத்து ஒரு பஸ் ஒதுங்கி நின்றது.

தாவீது கமலக்கண்ணனைத் தேடினான். முப்பது வருஷம் இதே கொடுமையைப் பட்ட மனுஷன் ஒரு வார்த்தை சொல்லி அடக்கமாட்டாரா? அவர் கடைக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "அந்த மேல் தட்டுல, இடது பக்கம், அதுக்குப் பின்னால ஒண்ணு கீதே, அத்த எடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி எடை பார்த்தார். கடைசியில் இட்லிப் பானை கனத்தில் ஒன்றை நிறுத்திக்கொண்டார். "இதான். கனம் இருந்தாத்தான் பொருளு. கனம் இல்லாத பட்டு இன்னா பட்டு?"

"ண்ணா, அவன் அத்த தலமேல வெச்சிக்கினு எட்டு ரவுண்டு வளஞ்சி வளஞ்சி ஓட்டணும். கழுத்து இன்னாத்துக்கு ஆவும்? விழுந்தா இந்தக் கனமே கழுத்த முறிச்சிடும். லேசாவும் இருக்கணும், முத்திரையும் இருக்கணும்."

"லேசா இருந்தா ஏமாத்தறான்னு அர்த்தம்."

"ஐயோ, பொடவ வேற, இது வேறண்ணா!"

தாவீது லேசானதொன்றைச் சரவணனின் தலையில் மாட்டினான். கன்னம் இரண்டும் உள்ளே பிதுங்கி உதடு மீன் மாதிரி குவிந்தது. அவன் அம்மா பொன்னம்மாளுக்குத் தாங்கவில்லை. "புள்ள மூஞ்சி நசுங்குதே! கழட்டுப்பா. ரெண்டு சைஸு பெருசா குடு. காத்தோட்டமா இருக்கட்டும்."

பெரியது வந்தது. சரவணன் தலையை இடது பக்கம் திருப்பினான். ஹெல்மெட் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆங், இப்ப சௌரியமா கீது பாரு" என்றாள் பொன்னம்மாள்.

தாவீது பின்னால் போய், ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினான். வார் பூட்டியபடியே அது கழன்று கையில் வந்தது. "பாத்தீங்களா? கீழ விழுந்தா மொதல்ல ஹெல்மெட் வீடு வந்து சேரும். புள்ள அப்புறமா வருவான்."

பொன்னம்மாள் பெரியதைக் கந்தசாமியிடம் தள்ளினாள், தாவீது லேசானதையே மறுபடி மாட்டிவிட்டான்.

"கன்னத்த புடிக்கணும்மா. ஹெல்மெட்ட ஆட்டினா கன்னத் தோலும் கூடவே ஆடணும். புதுசுல அப்டித்தான் இருக்கும், போடப் போட தானா படியும். ஆனா நெத்தியில மட்டும் குத்தக் கூடாது, குத்துனா பத்தே நிமிசத்துல தலைவலி. சரவணா, நெத்தி வலிக்குதா?"

"ம்ம்ம்" என்றான் சரவணன். உதடு குவிந்திருந்ததால் அதற்கு மேல் வரவில்லை.

பத்து நிமிஷம் மாட்டிப் பார்க்கட்டும் என்று தாவீது சொன்னான். அதற்குள் புளியோதரை பிரிக்கப்பட்டது. பத்து நிமிஷம் முக்கால் மணியாயிற்று. கிருஷ்ணம்மாள் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைத் தூக்கி அந்தச் சந்து வழியாக மருமகனுக்கு ஊட்டப் பார்த்தாள். கடலைப்பருப்பு இரண்டு உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

அடுத்த குண்டைக் கந்தசாமியே போட்டான். நம்பிக்கை வரட்டுமே என்று, பாதியாக அறுத்து வைத்திருந்த ஒரு ஹெல்மெட்டை எடுத்துக் காட்டினான். வெளியே ஓடு, உள்ளே கை கனத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒன்று, அதற்கும் உள்ளே துணி.

கமலக்கண்ணன் அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார். எழுந்தே விட்டார்.

"தெர்மாகோலு! கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்ள பேரு வெட்டி ஒட்டுவாங்களே, அந்தத் தெர்மாகோலு! இத்த நம்பியாடா எம் புள்ள மண்டய விடச் சொல்றீங்க?"

தாவீது கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினான். பிறகு இருபது வரை. "ண்ணா, உயிரக் காப்பாத்தறதே அதான். அடி விழுந்தா அது நசுங்கும். அது நசுங்கறதுலயே அடியோட வேகம் செத்துடும், மண்டைக்குப் போவாது. ஒரே ஒரு தடவதான். அடிபட்ட ஹெல்மெட், வெளிய பாக்க நல்லா இருந்தாலும், அதோட ஆயுசு முடிஞ்சிச்சு."

"ஒரு தடவ கட்டினா ஆயுசு முடியற பொடவைய நான் வித்திருந்தா என்ன உரிச்சி உப்பு தடவியிருப்பாங்க."

ஒருவழியாக வெள்ளையில் அரக்குப் பட்டை ஓடிய ஒன்று அமைந்தது. அளவு சரி, முத்திரை சரி, நெற்றி வலிக்கவில்லை, கிருஷ்ணம்மாளுக்குப் பட்டை பிடித்தது. தாவீது வாரை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, ஒரு வளையத்தின் மேலாகத் திருப்பி இழுத்துக் காட்டினான். "இழுக்க இழுக்க இறுகும் பாருங்க. அவுறவே அவுறாது."

கமலக்கண்ணன் வாரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடினார். முகம் சுருங்கியது. "இது இன்னா நூலு?" கை சட்டைப் பைக்குப் போனது. தீப்பெட்டி வந்தது.

"சார், சார்! பின்னால பெயிண்ட் டப்பா கீது!" என்று கந்தசாமி அலறினான்.

தீப்பெட்டி திரும்ப உள்ளே போனது. தாவீதுக்கு உயிர் வந்தது. ஆனால் கடிகாரம் ஒன்று முப்பத்தைந்து. ராகுகாலம். மூன்று மணி வரை பதினாறு பேரும் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். இடையில் வந்த மூன்று வாடிக்கையாளர்களுக்குக் கிருஷ்ணம்மாளே கலர் சொல்லி, மூன்று பேரையும் ஒன்றும் வாங்கவிடாமல் அனுப்பி வைத்தாள். மூன்று மணி இரண்டு நிமிஷத்துக்கு ஹெல்மெட் கை மாறியது. கந்தசாமி கும்பிட்ட கும்பிடு வியாபாரிக் கும்பிடு மாதிரி இல்லை. இனிமேல் வராதீர்கள் என்பது மாதிரி இருந்தது.

ஆரணியில் வேனை விட்டு இறங்கும்போது கமலக்கண்ணன் சொன்னார்: "நாளைக்கு வெள்ளிக்கெழமை. சாமிகிட்ட வெச்சி எடுத்துக் குடுக்கறன். சனிக்கெழம பத்தரைக்கு, ராகுகாலம் முடிஞ்சதும் வந்து வாங்கிக்க."

தாவீதுக்கு வாதாடத் தெம்பில்லை. "கீழ போட்டுடாதீங்க. யாரும் அதுமேல உக்காந்துடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். வேறு எதையும் சொல்லத் தோன்றவில்லை. அது அவன் செய்த பிழை.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போனபோது கமலக்கண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் கறுப்பாக, சின்னச் சின்ன முத்துகள்.

"ஏமாந்துட்டோம் தாவீது" என்றார், துக்க வீட்டில் சொல்வதுபோல. "பட்டும் இல்ல, காட்டனும் இல்ல. கொளுத்தினா உருகி உருண்டு நிக்குது பாரு. அத்தனையும் நைலான்!"

தாவீது தட்டைத் தள்ளிவிட்டு ஹெல்மெட்டைத் தேடினான். "எதக் கொளுத்தினீங்க?"

"ஹெல்மெட்டு வாரத்தான். ஒரு இழ உருவிப் பாத்தன். சந்தேகம் தீரல. அப்புறம் ஒரு விரக்கடை வெட்டிப் பாத்தன்."

"வெட்டி..."

"பதறாத. வேற பண்ணியாச்சு." ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். தாடைக்குக் கீழே, தொங்க வேண்டிய நைலான் வாரில் ஓர் அடித்துண்டு தவிர எதுவும் இல்லை. அந்தத் துண்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, அரக்கு நிறத்தில், இரண்டு பக்கமும் ஜரிகைக் கரையோடு, நடுவில் சின்னச் சின்ன மாங்காய் போட்டு, ஒரு பட்டு வார் மினுமினுத்தது. "நம்ம தனக்கோடி நெய்தது. நேத்து ஒரு நாள் முழுக்கத் தறிய விட்டு எறங்கல. மூணு புரி முறுக்கின பட்டு. யானைய கட்டி இழுத்தாலும் அறாது."

தாவீது பேசினான். இல்லை, பேசியது மாதிரி ஏதோ சத்தம் வந்தது. "ஹெல்மெட்டுக்கு... மாங்காயா?"

"பூ போடட்டுமான்னுதான் கேட்டான். ஆம்பள புள்ளைக்குப் பூ எதுக்குன்னு..."

"ண்ணா! வாருல கை வெச்ச ஹெல்மெட்ட அவங்க கையால தொடமாட்டாங்க! ரெண்டு மணிக்குச் செக்கிங்கு! சென்னைக்குப் போய் வேற வாங்கிக்கினு வர நேரம் இல்ல! ஆறு மாசம்ண்ணா! ஆறு மாசம் ஒரே பேஜாரு!"

"நான் பேசிக்கறன்" என்றார் கமலக்கண்ணன். "பட்டுன்னா இன்னான்னு அந்த ஆபீசருக்கு நான் சொல்லிக் குடுக்கறன்."

வேனின் மேலே சரவணனின் வண்டி, உள்ளே மறுபடியும் பதினாறு பேர். செய்யாறு, காஞ்சிபுரம் தாண்டி டிராக் வரும் வரை தாவீது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கமலக்கண்ணனிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் சேர்த்துக்கொண்டே வந்தான். தமிழில் தீர்ந்து தெலுங்குக்குப் போனான், தெலுங்கும் தீர்ந்தது. ரேஸ் போய்விட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவது என்று முடிவு.

டிராக்கில் அதிகாரி ஒல்லியான மனுஷர், காதில் பென்சில். வண்டியைச் சுற்றி வந்து தலையாட்டினார். ஹெல்மெட்டைத் திருப்பினார். வாரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன இது?"

"சுத்தப் பட்டு" என்றார் கமலக்கண்ணன். "கையில பாருங்க. இந்த நெசவு ஒங்களுக்கு எங்கயும் கெடைக்காது."

"வார் மாத்தின ஹெல்மெட் செல்லாதுங்க."

"ஏன் செல்லாது? அறுந்தா கேளுங்க! நாலு ஆள விட்டு இழுத்துப் பாருங்க!"

பின்னால் வரிசை நின்றது. அதிகாரி கோபப்படவில்லை. சரவணனைக் கூப்பிட்டு ஹெல்மெட்டை மாட்டினார். பட்டு வாரை இரட்டை வளையத்தில் விட்டு, திருப்பி, இறுக்கினார். "நீங்களே இழுங்க சார். தாடைப் பக்கத்துலருந்து மேல தூக்குங்க."

கமலக்கண்ணன் தூக்கினார். வார் அறவில்லை, தனக்கோடியின் வேலை அது. ஆனால் வளையத்துக்குள்ளிருந்து வழுவழுவென்று, குளத்து மீன் கையை விட்டுப் போகிற மாதிரி நழுவி வெளியே வந்தது. ஹெல்மெட் அவர் கையில்.

"சரியா மாட்டல" என்றார். தானே மாட்டினார். தூக்கினார். நழுவியது. மூன்றாவது முறை பல்லைக் கடித்து இறுக்கினார். ஜரிகை ஒரு கணம் முரண்டு பிடித்தது, அப்புறம் அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது.

கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், நாப்பது வருசமா தோள்ல பின்னு குத்தாம நான் பட்டுப் பொடவ கட்டினதுண்டாடா? பட்டு நிக்காது, நழுவும்னு ஊருக்கெல்லாம் பட்டு விக்கிற ஒனக்கு யாருடா சொல்லணும்?"

கமலக்கண்ணன் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். ஹெல்மெட் இல்லாத மகன் தலையைப் பார்த்தார். வேகமாகப் போகும் வண்டி ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டு கடந்தது.

"நாளைக்கு... ஓட்றப்போ..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நூறு கிலோமீட்டர் தூரம் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூடத் தாவீதுக்கு உதவவில்லை. இந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட விடமாட்டேன் என்கிறாரே இந்த மனுஷன்!

மணி ஒன்று பத்து. தாவீது ஓடினான். வரிசையாக நின்ற ரேஸ்காரர்களின் கூடாரங்களில் ஹெல்மெட் இரவல் கேட்டுக்கொண்டே போனான். ஒருவன் தலை பெரிது, ஒருவன் தலை சின்னது, ஒருவன் தரமாட்டேன் என்றான். கடைசியில் தெள்ளாரிலிருந்து ரேஸுக்கு வந்திருந்த அய்யனார் என்பவன் அகப்பட்டான். அவன் வண்டி அன்று காலைப் பயிற்சியிலேயே என்ஜின் சிக்கி நின்றுவிட்டது. சோகமாகக் கடலை தின்றுகொண்டிருந்தவன் தலைக்குத் தாவீது டேப்பைச் சுற்றினான். ஐம்பத்தேழு!

ஹெல்மெட்டோடு திரும்பி வந்தார்கள். பார்த்ததும் கிருஷ்ணம்மாள் "முருகா!" என்றாள். கன்னங்கரேலென்று கருப்பு. நெற்றியில் பெரிதாக, பல்லைக் காட்டிச் சிரிக்கும் மண்டையோடு. உள்ளே இரண்டு மாசத்து வேர்வை நாற்றம்.

கமலக்கண்ணன் டயரை விட்டு எழுந்தார். ஹெல்மெட்டை வாங்கினார். தாவீது மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, இது எங்கியாச்சும் அடி பட்டிருக்குதா?" என்று அய்யனாரைக் கேட்டார்.

"இல்லீங்க. வாங்கி ரெண்டு மாசந்தான்."

"கீழ போட்டிருக்கியா? உண்மைய சொல்லு."

"சத்தியமா இல்லீங்க."

முத்திரையைப் பார்த்தார். மகன் தலையில் மாட்டினார். கன்னத்தைப் பிடித்து ஆட்டினார். ஹெல்மெட்டோடு கன்னமும் ஆடியது. "நெத்தி வலிக்குதா?" என்றார். பின்பக்கம் போய் விளிம்பைப் பிடித்து, சரவணன் இரண்டடி தள்ளாடிப் போகும் அளவுக்கு ஒரு தள்ளு தள்ளினார். அசையவில்லை. வாரை வளையத்தில் கோத்து இழுத்தார். நைலான் கப்பென்று பிடித்தது.

"இதான்" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"கருப்பு. அதுல மண்டையோடு வேற" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"அக்கா, நீ சும்மா இரு. உள்ள தெர்மாகோலு நல்லா கீது."

ஒன்று ஐம்பதுக்கு மண்டையோட்டின் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரேஸில் சரவணன் பதினான்காவது ஆளாகக் கிளம்பினான். நாலாவது ரவுண்டில் ஆறாவது இடத்துக்கு வந்துவிட்டான். அந்த என்ஜின் சத்தத்தைக் கேட்டு தாவீது கண்ணில் தண்ணீர் விட்டான். வேலியைப் பிடித்து ஆட்டி, அதன் இரண்டு கம்பியைப் பிடுங்கியே விட்டான். ஐந்தாவது ரவுண்டில் வலது வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், சரவணன் ஒரு பக்கம். தலை தரையில் மோதிய சத்தம் வேலி வரை கேட்டது. டொக். மறுபடியும், டொக்.

தாவீது ஓடினான். முதல் பத்தடி வண்டியை நோக்கித்தான் ஓடினான் என்பதை அவன் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு திரும்பிச் சரவணனிடம் போனான். அதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். முழங்கையில் சிராய்ப்பு. வண்டியின் ஹேண்டில்பார்தான் வளைந்து, கும்பிடு போடுகிற மாதிரி இருந்தது.

பொன்னம்மாள் மகனின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். கமலக்கண்ணன் ஹெல்மெட்டைத் தடவினார். மண்டையோட்டின் பல்வரிசை மொத்தமும் தேய்ந்து காணாமல் போயிருந்தது. உள்ளே கையை விட்டுத் துணியை விலக்கினார். வெள்ளையில் ஒரு பள்ளம், பெருவிரல் அமுங்கும் அளவுக்கு.

"நசுங்கிக்கினு கீது" என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "தாவீது, நசுங்கிக்கினு கீதுப்பா! வந்து பாரு! தெர்மாகோலு!" ஆம்புலன்ஸ்காரர், கொடி ஆட்டுகிறவர், ஐஸ் விற்கிறவர் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அந்தப் பள்ளத்தைக் காட்டினார். ஏதோ தானே அந்தத் தெர்மாகோலைக் கண்டுபிடித்த மாதிரி.

அய்யனார் தயங்கித் தயங்கி வந்தான். "பரவால்லீங்க, குடுங்க. மேல கீறல்தானே, பெயிண்ட் அடிச்சிக்கறன்."

கமலக்கண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாது, பெயிண்டா? அடிபட்ட ஹெல்மெட்ட திரும்ப மாட்டுவியா? அதோட ஆயுசு முடிஞ்சிச்சு தம்பி. ஒனக்குப் புதுசு நான் எடுத்துத் தர்றன். சும்மா இல்ல, பாத்து எடுக்கணும். வர்ற வியாழக்கெழம. தாவீது, அதே வேன சொல்லிடு. தம்பி, ஒங்க வீட்ல எத்தினி பேரு?"

"ஏழு பேருங்க."

"எல்லாரையும் கூட்டிக்கினு வா. நாலு பேரு பாக்க வேணாமா?"

தாவீது வளைந்த ஹேண்டில்பாரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

வியாழக்கிழமை, தெள்ளாரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஏழு பேரையும் சேர்த்து, இருபத்து மூன்று பேரோடு வேன் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் திரும்பியது. புளியோதரை இரண்டு பக்கெட். முன் சீட்டிலிருந்த தாவீதுக்குத் தூரத்தில் கந்தசாமி தெரிந்தான். கடை வாசலில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, வேன் ஜன்னல்களில் தெரிந்த தலைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். பத்தைத் தாண்டிய இடத்தில் அவன் கை மெல்ல ஷட்டரை நோக்கி உயர்ந்தது.

"தாவீது!" என்று பின் சீட்டிலிருந்து கமலக்கண்ணன் கத்தினார். "அந்தாளு ஷட்டர எறக்கப் போறான்! எனக்குத் தெரியும்யா அந்த வேல! ஜல்தி எறங்கி ஓடு, கீழ கால விடு!"

தாவீது மடியிலிருந்த தன் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, குதித்து ஓடினான்.